பதினோராம் நிபந்தனை

அவர் என் கடைக்கு வந்தால் யாரோ ஒருவருடைய வீடு போகப்போகிறது என்று அர்த்தம். பஸ்ஸை விட்டு இறங்கி, குடையை மடக்கி, நேரே என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "ஏழு கொப்பி தங்கச்சி. ஒன்னு பெருசா" என்பார். அதற்குள் பக்கத்து சலூனிலிருந்து யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். இந்தத் தடவை யார் வீடு என்று என்னிடம் கேட்பதற்கு, அவர் படி இறங்கும்வரைகூடப் பொறுக்க மாட்டார்கள்.

ஓப்பநாயக்க பஸ் நிறுத்தத்துக்கு எதிரே போட்டோ கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போட்டு, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். அவருக்கு ஏலம் கூறுகிற வேலை. பேங்கில் ஈடு வைத்து மீட்க முடியாமல் போன வீடும் கடையும் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கைமாறும். பேப்பரில் அறிவித்தல் போடுவார்கள், வாசலில் ஒட்டுவார்கள், குறித்த நாளில் அந்த வாசலிலேயே ஏலம். கொழும்பிலிருந்து ஏலக்கார மாத்தயா ஏசி காரில் வந்து இறங்குவார். சுத்தியல் அவர் கையில். அதற்கு முன்னால் மணி அடித்து ஆட்களைக் கூட்டி, விற்பனை நிபந்தனைகளைச் சிங்களத்திலும் தமிழிலும் வாசித்து, கேட்கிற விலையை உரக்கச் சொல்வது இவர். பஸார் இவருக்கு வைத்த பெயர் 'நிபந்தனை'. "நிபந்தனை வந்துட்டாருடோய்" என்று சலூன்காரர் குரல் கொடுத்தால் தெருவே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தும். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

ஆள் மெலிவு. வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். மணியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்திருப்பார், பஸ் குலுக்கலில் அது சத்தம் போட்டுவிடக் கூடாதென்று. ஒரு தடவை பலாங்கொடை பஸ்ஸில் கைக்குட்டை அவிழ்ந்து மணி அடித்துவிட, பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் அவரவர் வீட்டு நினைப்பில் திரும்பிப் பார்த்தார்களாம். சலூன்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருடைய கடையும் அப்போது பேங்கில் ஈட்டில்தான் இருந்தது.

ஏலத்துக்கு வந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அந்த வீட்டு நிழலில் நிற்கவும் மாட்டார். கேற்றுக்கு வெளியே, வெயிலோ மழையோ, தன் குடைக்குக் கீழே தான். அப்படி நின்றுகொண்டு பதினாறு நிபந்தனைகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசிப்பார். சுத்தியல் விழுந்த இடத்திலேயே விலையில் நூற்றுக்குப் பத்து வீதம் கட்ட வேண்டும். பிரதேச சபைக்கு வரி. ஏலக்காரருக்குக் கமிஷன். மீதியை முப்பது நாளைக்குள் கட்டாவிட்டால் கட்டிய பத்து வீதமும் போச்சு. வீட்டில் ஆள் இருந்தால் எழுப்புவது வாங்கியவர் பாடு. இப்படியே போகும். மாத்தயா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பேங்க்காரர் போனை நோண்டுவார், வந்த ஆட்கள் வெற்றிலை போடுவார்கள். ஒரு நாயைத் தவிர வேறு யாரும் காது கொடுக்காத ஏலம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் அவர் ஒரு வரி குறைக்கவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, ஒருத்தரும் கேக்காத வேதத்த யாருக்கு ஓதுறீங்க? சுருக்கமா சொன்னா ஆகாதா?"

அவர் கொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஒரு தடவ சுருக்குனேன் தங்கச்சி. தெஹியோவிட்ட பக்கம். சரியான மழ. மாத்தயா போதும்னாரு, நானும் நாலோட நிறுத்திட்டேன். ரப்பர் பால் வெட்டுற ஒரு மனுசன் கேட்டு எடுத்தாரு. பொஞ்சாதி தாலிக்கொடிய வச்சுப் பத்து வீதம் கட்டுனாரு. முப்பது நாள் கணக்கு அவருக்குத் தெரியாது. முப்பத்தோராவது நாள் பேங்க் வாசல்ல வந்து நிக்கிறாரு, கையில மீதிப் பணத்தோட."

"கெறகம். அப்புறம்?"

"அப்புறம் என்னா. அதுலேர்ந்து சுருக்குறதில்ல."

இதற்காக அவரை இரக்கமுள்ளவர் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் அப்படி நினைக்கவில்லை. யாருடைய பெண்டாட்டியாவது தலையில் அடித்துக்கொண்டு அழும்போதும் அந்தக் குரல் ஏறியதோ இறங்கியதோ இல்லை. ஒரு தடவை ஒரு கிழவர் செம்மண்ணை வாரி அவர் முகத்தில் தூற்றினார். அவர் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. தாளைத் தட்டிவிட்டு, எந்தச் சொல்லில் நிறுத்தினாரோ அந்தச் சொல்லிலிருந்து தொடர்ந்தார். இந்த மனுஷன் இரவில் எப்படித் தூங்குவார் என்று பஸார் பேசிக்கொண்டது.

ஆனால் பழைய இரும்புக் கடைக்காரர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய கடை ஏலத்துக்கு வந்த நாள் காலையில் அவர் மனைவி சொந்தக்காரர்களின் நகையை வாரிக்கொண்டு பலாங்கொடைக்கு அடகு வைக்கப் போயிருந்தார். சுத்தியல் விழுவதற்கு முன்னால் நிலுவையையும் செலவையும் கட்டிவிட்டால் ஏலத்தை நிறுத்த வேண்டும், அதுவும் நிபந்தனைகளில் ஒன்று. பஸ் வரவில்லை. இவர் சிங்களத்தில் வாசித்தார். தமிழில் வாசித்தார். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மாத்தயா பொறுமையிழந்து "ஹரி ஹரி, இவர கரன்ன" என்று முடிக்கச் சொல்லி விரட்டினார். இவர் இருமினார், தொண்டைக்கு ஒரு மாத்திரை போட்டார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பதினைந்தாம் நிபந்தனையில் இருக்கும்போது அந்த அம்மா பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தார். கடை தப்பியது. வேண்டுமென்றே இழுத்தீர்களா என்று பிறகு நான் கேட்டதற்கு, "தொண்ட சரியில்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் எனக்கு அது விளங்கியபாடில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீடு ஏலத்துக்கு வந்தால் மற்றவர் விலை கேட்பதில்லை. வயிறெரிந்து விட்டுப்போன வீட்டில் குடியேறினால் விளங்க மாட்டோம் என்ற பயம் பாதி. தோட்டத்து லயத்தின் ஒற்றைக் காம்பராவிலிருந்து வெளியே வந்து ஒரு துண்டு நிலம் வாங்க எத்தனை தலைமுறை ஆகும் என்று தெரிந்திருப்பது மீதி. ஏலத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் கூடி, கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்வோம். யாரும் கேட்காவிட்டால் ஏலம் நடக்காது, வீடு தப்பிவிடும் என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். எப்படியும் வெளியூர்க்காரர் எவராவது வந்து கேட்டு எடுத்துவிடுவார், நாங்களும் நம்மவர் யாரும் துரோகம் செய்யவில்லை என்ற ஆறுதலோடு வீட்டுக்குப் போவோம். எங்கள் நம்பிக்கை சரியா பிழையா என்று பார்க்க ஒரு தடவைகூடச் சந்தர்ப்பம் வந்ததில்லை. எங்களுக்கு யாரும் மாற்றிச் சொன்னதில்லை என்று எழுதப் போனேன். அது பொய். ஒருவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு என் அண்ணன் வீடு வந்தது.

இருபது பேர்ச் நிலமும் அதில் ஒரு வீடும். எங்கள் அப்பா தோட்டத்தில் வேலை முடிந்து கிடைத்த மொத்தப் பணத்தையும் போட்டு வாங்கியது. எங்கள் பரம்பரையில் காணி உறுதி என்ற பத்திரத்தைக் கையால் தொட்ட முதல் ஆள் அவர். அதைப் பேங்கில் வைத்து அண்ணன் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி எடுத்தான். சின்னத் தோட்டக்காரர்களிடம் கொழுந்து சேர்த்து ஃபெக்டரிக்கு ஏற்றுவது தொழில். முதலில் அரசாங்கம் உரத்தை நிறுத்தியது, கொழுந்து குறைந்தது. பிறகு டீசலுக்கு வரிசை. லொறி நகர்ந்ததைவிட வரிசையில் நின்ற நாள் கூட. வட்டி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஏலத்துக்கு ஒரு கிழமை முன்னால் அவர் என் கடைக்கு வந்தார். குடையை மடக்கினார். தாளை மேசையில் வைத்தார். அண்ணனுடைய பெயர்.

"ஏழு கொப்பி தங்கச்சி. ஒன்னு பெருசா."

"இத என்கிட்டயே கொண்டு வர்றீங்களே, ஒங்களுக்கு மனசாட்சி இல்லையாண்ணே?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து, வாசிக்கத் தொடங்கினார். வாசலில் நின்று வாசிக்கிற அதே குரல்.

"பதினொன்னு. எவரும் விலை கோராதவிடத்து, வங்கி ஆயிரம் ரூபாவுக்குக் காணி வீடாகிய ஆதனத்தைத் தானே கொள்வனவு செய்யலாம். கடனின் மீதி கடனாளியையே சாரும். பன்னெண்டு. கடனுக்கும் செலவுக்கும் மேலாக விலை போகுமிடத்து மிகுதி கடனாளிக்கு உரியது."

வாசித்துவிட்டு மறுபடியும் பதினொன்றுக்குப் போனார். எனக்குத் தலைக்கு ஏறியது. யாரையாவது விலை கேட்கச் சொல்லித் தூண்டிவிடுகிறார், பேங்குக்கு நல்ல விலை எடுத்துக் கொடுக்க ஆள் பிடிக்கிறார் என்றுதான் பட்டது.

"போதும் நிறுத்துங்க. ஒங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒரு ஏலத்துக்கு ஆயிரத்து ஐநூறு" என்றார், கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "பஸ் காசு தனி."

தாளைப் பிடுங்கி மெஷினில் வைத்து, ஏழு கொப்பியும் எடுத்து அவர் கையில் திணித்தேன். எண்ணாமல் போனார். மாலையில் வேறு ஒருவருக்குக் கொப்பி எடுக்க மெஷின் மூடியைத் திறந்தால், கண்ணாடிமேல் அவருடைய தாள். மூடிக்குள் மூலத்தை மறந்துவிட்டுப் போகிறவர்கள் தினம் நாலு பேர். அவர் அத்தனை வருஷத்தில் ஒரு தடவை மறந்ததில்லை. நான் அதை யோசிக்கவில்லை. வாசித்தும் பார்க்காமல் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

ஏனென்றால் எனக்கு வேலை இருந்தது. நம்மவர்கள் சத்தியம் செய்தால் மட்டும் போதாது, வெளி ஆட்களையும் தடுத்தால்தான் வீடு தப்பும் என்று மூளையைப் போட்டது நான். பெல்மதுளையிலிருந்து ஒரு முதலாளி இரண்டு தடவை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கடனைவிட நல்ல விலை கொடுக்கக்கூடிய ஆள் என்று ஊரே பேசியது. ஏலத்தன்று காலை அண்ணியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சந்தியில் போய் நின்றேன். அவர் ஜீப்பை மறித்தேன். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு அது இன்னும் நன்றாக வந்தது. இந்தப் பிள்ளைகளைப் பாருங்கள், இவர்கள் கண்ணீரின்மேல் நீங்கள் வீடு வாங்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். "எப்பா நோனா, மட்ட ஓனே நே" என்றார், எனக்கு வேண்டாம் என்று. ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பத்து மணிக்கு நிபந்தனை மணி அடித்தார். நாற்பது ஐம்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவர் வாசித்தார். பதினோராம் நிபந்தனை வந்ததும் சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, பிறகு மறுபடியும் தமிழில் ஒரு தடவை. மூன்றாம் தடவை தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அத்தனை ஏலங்களில் அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கியது அந்த ஒரு தடவைதான். நான் அண்ணியின் காதில் சொன்னேன், "பாருங்கண்ணி, பேங்குக்கு எப்புடி ஊதுறான்."

மாத்தயா விலை கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டார். பேங்க்காரர் அவரிடம் ஏதோ சொன்னார். ஆயிரம் ரூபா என்று ஒரு சத்தம், சுத்தியல் ஒரு தட்டு. முடிந்தது.

யாரும் கேட்கவில்லை, வீடு தப்பியது என்று நாங்கள் கை தட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினோம். அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான், சந்தோஷத்தில். அண்ணி எல்லோருக்கும் டீ போட உள்ளே ஓடினாள். மாத்தயாவின் கார் கிளம்பிப் போனது. அவர் மட்டும் போகவில்லை. மணியைக் கைக்குட்டையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். கடைசியில் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஏல வீட்டுக் கேற்றை அவர் தாண்டி நான் பார்த்ததில்லை. அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"தம்பி. வீடு பேங்குக்குப் போயிருச்சு. ஆயிரம் ரூவாதான் கழிஞ்சிருக்கு. பாக்கி அப்புடியே இருக்கு."

சொல்லிவிட்டுப் போனார். அடுப்படியில் அண்ணி தேத்தூள் டப்பாவைத் தேடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வாசித்தேன். எழுத்துப் பெரியது. கொட்டாவி விட்டுக்கொண்டு வாசித்தாலும் விளங்கும்.

அண்ணன் இப்போது மாமனாரின் லயத்தில் ஒரு காம்பராவில் இருக்கிறான். அப்பா எந்த டிவிசனிலிருந்து சாமானோடு இறங்கி வந்தாரோ தோட்டத்தின் அதே டிவிசன். வீடு ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள், வாசலில் காடு மண்டியது. பிறகு பேங்க் அதை வந்த விலைக்கு விற்றது. கடனில் பாதிகூட அடையவில்லை. மீதிக்கு இன்னும் கடிதம் வருகிறது. அவன் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

இடையில் கொஞ்ச காலம் இந்த ஏலங்களை அரசாங்கமே நிறுத்தி வைத்தது. அப்போது ஒரு நாள் அவர் வந்தார். பை இல்லை, மணி இல்லை. நூறு ரூபாய்க்கு ரீலோட் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். போக விடவில்லை.

"அன்னைக்கு ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"சொன்னனே தங்கச்சி."

"வாசிச்சீங்க. சொல்லல. யாரையாவது வெல கேக்கச் சொல்லு, இல்லாட்டி வீடு அநியாயமாப் போயிரும்னு வெட்டவெளிச்சமா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

அவர் குடைக் கம்பியைத் தடவினார்.

"ஏலத்துல நிக்கிறவன் கேளு, கேக்காதன்னு வாய் தொறக்கக் கூடாது. அதுதான் என் வேலைக்கு நிபந்தன. வாசிக்க மட்டுந்தான் எனக்கு விட்டிருக்கு. சொல்லியிருந்தா மட்டும் நீங்க கேட்டிருப்பீங்களா?"

எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள என் பக்கம் எந்த நியாயமும் இல்லையே என்று அழுகையும் வந்தது. அவர் நூறு ரூபாயை வைத்துவிட்டு பஸ் ஏறினார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஏலங்கள் மறுபடி தொடங்குவதற்குள் அவர் செத்துப்போயிருந்தார். சலூன்காரர்தான் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

போன மாதம் அந்தச் சலூன்காரருடைய கடையும் பின்னாலிருக்கும் வீடும் ஏலத்துக்கு வந்தன. வெள்ளிக்கிழமை கோவிலுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கற்பூரத்தில் கை வைக்க மாட்டேன் என்றேன், காரணத்தையும் சொன்னேன். குடும்பமே அழிந்த வீட்டுக்காரி, அவளுக்குப் பொறாமை என்று பேசிக்கொண்டார்கள்.

புதிதாக வந்திருக்கிற ஏலம் கூறுபவர் வாட்டசாட்டமான ஆள், கையில் மைக். "கொன்தேசி ஒக்கோம போர்டெக்கே தியனவா" என்று சிங்களத்தில் சொன்னார். நிபந்தனை எல்லாம் போர்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். மாத்தயா சுத்தியலை எடுத்தார்.

நான் லாச்சியிலிருந்து எடுத்து வந்திருந்த தாளைப் பிரித்தேன். கேற்றுக்கு வெளியே, நிழல் விழாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, பதினோராம் நிபந்தனையை உரக்க வாசித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

சலூன்காரரின் மனைவி வாசற்படியிலிருந்து எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தாள். பன்னிரண்டு வருஷம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சோறு மாற்றிச் சாப்பிட்டவள்.

"பேங்க்ல ஒனக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்றாள்.

அவருக்காவது சொல்ல ஆயிரத்து ஐநூறு என்று ஒரு தொகை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. தாளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினேன்.